கல்யாண இரவுக்கு எந்த டிரோன்: 249 கிராமா, 900 கிராமா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களிடம் வீட்டார் தவறாமல் கேட்பது, சீரியல் லைட் போட்ட வீட்டை மேலிருந்து ஒரு சுற்று. இதற்குச் சின்ன டிரோன் வைத்திருந்த நான் இப்போது 900 கிராம் ரகத்துக்கு மாறிவிட்டேன்.

சின்னதில் விலை குறைவு, சத்தம் குறைவு. பெரியதில் படம் தெளிவு, காற்றுக்கு அசையாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காகித விஷயத்தில் சின்னதுக்குத்தான் வெற்றி. 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ. பதிவு எண் வாங்க வேண்டும், ஆனால் பைலட் சான்றிதழோ மூன்றாம் நபர் இன்சூரன்ஸோ தேவையில்லை. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ஓட்டினால் சான்றிதழும் வேண்டும், இன்சூரன்ஸும் வேண்டும். எதுவானாலும், அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய இடமா) என்று பார்க்காமல் கிளப்பக்கூடாது. செட்டிநாட்டில் பழைய விமான ஓடுதளம் வேறு இருக்கிறது.

என்னை மாற வைத்தது விளக்கு. இரவில் பறக்க அமெரிக்காவில் 3 மைல் தூரத்துக்குத் தெரிகிற மின்னும் விளக்கு கட்டாயம். ஐரோப்பாவில் பச்சை நிறத்தில் மின்னும் விளக்கு. நம் நாட்டில் 2018இல் வந்த முதல் விதிமுறை (இப்போது நடப்பில் இல்லை), பகலில் மட்டும், கண்பார்வைக்குள் மட்டும் பறக்கச் சொன்னது. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: டிரோன் எங்கே இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்கும் மற்றவர்களுக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நம் நகரத்தார் வீடுகளில் இது லேசில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வளவைத் (நடு முற்றமுள்ள பகுதியை) தாண்டி இரண்டாம் கட்டுக்கு மேல் போனதும், டிரோனின் சொந்த விளக்கு ஆயிரம் சீரியல் பல்புகளுக்குள் கரைந்துவிடும். மோதாமல் தடுக்கும் கேமரா சென்சார்களும் இருட்டில் கைகொடுக்காது. தெருவில் குறுக்கே போகும் மின்கம்பி திரையில் தெரியவே தெரியாது.

சரி, சின்னதிலேயே தனியாக ஒரு ஸ்ட்ரோப் (விட்டுவிட்டு மின்னும்) விளக்கு ஒட்டிவிட்டால்? பத்து கிராம் விளக்கு போதும், 249 என்பது 259 ஆகிவிடும். எடை வகை, சுமையையும் சேர்த்துத்தான் கணக்கு. அந்த நிமிடமே அது மைக்ரோ. சான்றிதழ், இன்சூரன்ஸ் எல்லாம் வந்து நிற்கும், மோட்டாரும் கேமராவும் மட்டும் பழையபடி சின்னதுதான். விதிமீறல் என்றால் அபராதம் ஒரு லட்சம் வரை போகலாம். அப்புறம் பெரியதையே வாங்கி, மேலே கீழே இரண்டு விளக்கு பூட்டி, பின்தெருவில் ஒரு தம்பியை நிறுத்திப் பறப்பதுதான் எனக்குச் சரியாகப்பட்டது.

மழைக்காலக் காற்றில் இரவு பறப்பு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பழையதாக வாங்குகிறவர்கள் பதிவு எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன்களை முழுதாக இறக்குமதி செய்யத் தடை இருப்பதால், எண் இல்லாத பொருள் கைமாறுவது அதிகம். பொழுது சாய்வதற்குள் ஷாட்டை முடித்துவிடுகிறவர் என்றால் 249 கிராமே போதும், பெரியதுக்குச் செலவழிக்க வேண்டாம்.