பாலக்காட்டில் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை: கட்டுரைப் பயிற்சி அருமை, 'க்ளப் பேக்கேஜ்' வேண்டவே வேண்டாம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டும் மையம் ஒன்றில் அண்ணன் மகளைச் சேர்த்திருந்தோம். பாலக்காடு டவுனில்தான் இருக்கிறது, பெயர் போட விரும்பவில்லை. சித்தூர் தாலுகாவிலிருந்து பிள்ளைகளை இப்படி அனுப்ப யோசிக்கிறவர்கள் இப்போது அதிகம், அவர்களுக்காக எழுதுகிறேன்.

கட்டுரைப் பயிற்சிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். எங்கள் பெண் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள், ஆங்கிலத்தில் எழுது என்றால் மனப்பாடம் செய்த வாக்கியம்தான் வரும். அங்கே இருந்த மிஸ் மலையாளி, ஆனாலும் இவளைத் தமிழிலேயே பேசவிட்டு, அப்பாவின் தேங்காய்க் களத்தில் நடப்பதையெல்லாம் சொல்லவைத்து, அதையே கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலத்தில் எழுதவைத்தார். உதவித்தொகை விஷயத்திலும் சுற்றி வளைக்கவில்லை. பிரின்ஸ்டன், ஹார்வர்டு, யேல் எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளைக்கூட பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் தேர்ந்தெடுக்கின்றன, இடம் கிடைத்தால் வருமானத்துக்குத் தக்கபடி உதவி தருகின்றன என்று விளக்கி, வில்லேஜ் ஆபீசில் என்னென்ன சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதுவரை எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் அந்த பேக்கேஜ். அதற்கு மட்டும் நாற்பதாயிரம் ரூபாய். 'உள்ளே போன பிறகு பெரிய க்ளப்புகளில் சேரப் பயிற்சி' என்று ப்ரோஷரில் ஒரு முழுப் பக்கம், அதில் ஹார்வர்டின் போர்செல்லியன், யேலின் ஸ்கல் அண்ட் போன்ஸ், பிரின்ஸ்டனின் ஐவி க்ளப் பெயரெல்லாம் பளபளவென்று இருந்தது.

எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. போர்செல்லியன் 1791இல் தொடங்கியது, ஆண்களை மட்டுமே சேர்க்கிற க்ளப். அதைக் காட்டி ஒரு பெண் பிள்ளையிடம் பணம் கேட்கிறார்கள். அதுவும் போகட்டும், போர்செல்லியன் மாதிரியான ஹார்வர்டின் தனியார் க்ளப்புகளுக்கு ('ஃபைனல் க்ளப்' என்பார்கள்) மற்ற மாணவர் சங்கங்கள் போல விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது. இரண்டாம் ஆண்டில் உறுப்பினர்களே தங்களுக்குப் பிடித்தவர்களுக்கு அழைப்பு அனுப்புவார்கள், விருந்துகளுக்குக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள், பிடித்தால் எடுப்பார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டையே போர்செல்லியன் எடுக்கவில்லை, அவருடைய உறவினர் தியடோர் ரூஸ்வெல்ட் அதில் உறுப்பினராக இருந்தவர். ஸ்கல் அண்ட் போன்ஸ் ஆண்டுக்குப் பதினைந்து பேரைத்தான் எடுக்கிறது. இதற்கு பாலக்காட்டில் உட்கார்ந்து யார் என்ன பயிற்சி கொடுத்துவிட முடியும்?

பணத்தை விட என்னை அதிகம் உறுத்தியது வேறு. இந்த க்ளப்புகள் எப்படிப்பட்டவை என்பதை ஒரு வார்த்தைகூட சொல்லாமல், ஏதோ பரிசு மாதிரி காட்டுகிறார்கள். பெண்களைச் சேர்க்கவில்லை என்பதற்காக ஹார்வர்டே 1984இல் அந்த க்ளப்புகளோடு உறவை முறித்துக்கொண்டது. பிரின்ஸ்டனில் சாலி ஃபிராங்க் என்ற மாணவி 1979இல் புகார் கொடுத்து, அது நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்து, 1990இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் ஐவி, டைகர் இன் என்ற இரண்டு க்ளப்புகளும் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர் வீதியில் ஈழவச் சாதியினர் நடக்கக் கூடாது என்று 1920களில் தடுத்ததைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட ஊர் இது. யார் உள்ளே வரலாம் என்று உள்ளே இருப்பவர்களே முடிவு செய்தால் என்ன ஆகும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தானே அனுப்ப வேண்டும்?

சரி, உண்மையில் தெரிய வேண்டியது என்ன? பிரின்ஸ்டனில் இது வெறும் பார்ட்டி விஷயம் இல்லை, சாப்பாட்டு விஷயம். பிராஸ்பெக்ட் அவென்யூவிலும் அதை ஒட்டியும் பதினொரு ஈட்டிங் க்ளப்புகள் (ஐவியும் அதில் ஒன்று) இருக்கின்றன, கடைசி இரண்டு ஆண்டுகளில் நிறைய மாணவர்கள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். சிலவற்றில் 'பிக்கர்' என்று பேட்டியும் விளையாட்டும் வைத்து ஆள் எடுப்பார்கள். டெரஸ், காலோனியல், குவாட்ராங்கிள் போன்றவற்றில் பெயர் பதிந்தாலே போதும். க்ளப்பே வேண்டாம் என்றால் பல்கலைக்கழக உணவுக்கூடம் இருக்கிறது, மாணவர்கள் முறைவைத்துச் சமைத்துச் சாப்பிடும் கூட்டுறவுச் சமையல் வீடுகளும் இருக்கின்றன. அதில் 2 டிக்கின்சன் ஸ்ட்ரீட் முழுக்க சைவம். எங்கள் வீட்டில் அண்ணி கேட்ட முதல் கேள்வியே சாப்பாடுதான், இந்தத் தகவல் ப்ரோஷரில் ஒரு வரி இருந்திருந்தால் அவர் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இதையெல்லாம் நானே தேடித்தான் படித்தேன்.

மூத்த ஆலோசகரிடம் போய் நேராகவே கேட்டேன். "மேடம், பேரண்ட்ஸ்தான் இதைக் கேட்கிறாங்க" என்றார். கேட்டாலும் விற்கலாமா சார் என்றேன், பதில் இல்லை. ஆனால் எங்களை வற்புறுத்தவும் இல்லை, மற்ற வேலையில் குறை வைக்கவும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஐந்துக்கு மூன்று. கட்டுரைக்கும் உதவித்தொகைக்கும் மட்டும் சேருங்கள், அந்தக் கட்டணத்தைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதலில் அவர்கள் சொல்கிற மொத்தத் தொகையில் பேக்கேஜும் சேர்ந்தே வரும். பிரின்ஸ்டனுக்குக் கடைசித் தேதி ஜனவரி 1, அதனால் ஓணம் விடுமுறைக்குள் சேர்ந்துவிட்டால் அந்த மிஸ்ஸிடம் போதுமான நேரம் கிடைக்கும்.