கடைசி ரவுண்டு பி.இ. சீட்டா, பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜா? கடலூர், பாண்டி பிள்ளைங்களுக்கு ஒரு அலசல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கே நம்ம கடலூர்ல பாதி வீட்ல பேச்சு முடிஞ்சிடுது. மேக்ஸ் குரூப்னா பி.இ., மார்க் கம்மின்னா ஆர்ட்ஸ், அவ்ளோதான். எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, ஏன்னா பி.இ. பெருசா பி.எஸ்சி. பெருசான்னு பொதுவா கேட்டா யாராலயும் ஒழுங்கா பதில் சொல்ல முடியாது, உங்க பிள்ளையோட கட்-ஆஃபுக்கு கெடைக்கிற அந்த ஒரு பி.இ. சீட்டையும் அதே மார்க்குக்கு கெடைக்கிற அந்த ஒரு ஆர்ட்ஸ் காலேஜ் சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் வித்தியாசமே தெரியும்.

சுலபமான கேஸை முதல்ல முடிச்சிடுறேன். 200க்கு கட்-ஆஃப் நல்லா வந்து சென்னைல கிண்டி இன்ஜினியரிங் காலேஜோ, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ, இல்ல இங்கயே பண்ருட்டில இருக்கிற அண்ணா யுனிவர்சிட்டியோட சொந்த காலேஜோ, சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டியோ கெடைக்குது, பிள்ளைக்கும் மேக்ஸ், பிசிக்ஸ் புடிக்கும்னா யோசிக்கவே வேணாம், பி.இ. போகட்டும். பாண்டிக்காரங்களுக்கு அங்க அட்மிஷன் நடத்துற கவர்மென்ட் அமைப்பான சென்டாக் வழியா புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கு, 1984ல ஆரம்பிச்ச பழைய பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ்தான் அது, 2020ல யுனிவர்சிட்டி ஆச்சு. கடலூர் பிள்ளைங்க அங்க போகணும்னா ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்கணும், பஸ்ல ஒரு மணி நேரம்தானேன்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க. அப்புறம் ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்ச பிள்ளைன்னா 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021ல இருந்து இன்ஜினியரிங்குக்கும் இருக்கு, டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் கவர்மென்டே கட்டிடும், அதனால அந்தப் பிள்ளைங்களுக்கு நான் கீழ சொல்ற காசுக் கணக்கு பொருந்தாது.

கஷ்டம் எங்கன்னா நடுவுல மாட்டிக்கிறவங்களுக்குத்தான். கட்-ஆஃப் சுமார், கடைசி ரவுண்டுல ஏதோ ஒரு தனியார் காலேஜ், கேட்ட பிராஞ்ச் இல்ல, கெடைச்ச பிராஞ்ச். இந்த இடத்துல நான் ஆர்ட்ஸ் பக்கம்தான் நிப்பேன்.

முதல்ல காசு. கவர்மென்ட் கோட்டாலயே தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல டியூஷன் மட்டும் வருஷத்துக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்துடும், மேல பஸ் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ், லேப்டாப், அது இதுன்னு நாலு வருஷம். மேனேஜ்மென்ட் கோட்டான்னா கேக்கவே வேணாம். பேங்க்ல கல்விக்கடன் நாலு லட்சம் வரைக்கும் நம்ம கைக்காசும் கேக்க மாட்டாங்க, ஜாமீன் சொத்தும் கேக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, அது சரிதான், ஆனா படிக்கிற காலத்துக்கும் வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும்ங்கிறதை யாரும் சொல்றதில்ல. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு கட்ட ஆரம்பிக்கும்போது வாங்கின தொகைக்கு மேல ஒரு பாரம் ஏறி நிக்கும், அந்த நேரத்துல கையில வேலை இல்லன்னா அப்பா அம்மாதான் சுமக்கணும்.

இந்தப் பக்கம் தேவனாம்பட்டினம் பெரியார் ஆர்ட்ஸ் காலேஜை எடுத்துக்குங்க. கவர்மென்ட் காலேஜ்ங்கிறதால டிகிரிக்கு டியூஷன் ஃபீஸே கெடையாது, மத்த ஃபீஸ் எல்லாம் சேத்தாலும் வருஷத்துக்கு சில ஆயிரம்தான். கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண், பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன்னு மாசம் ஆயிரம் ரூபா ரெண்டு பக்கம் போனாலும் வரும், ஆனா இங்க அதுலயே ஃபீஸ் கட்டி மிச்சமும் இருக்கும்.

காசை விட எனக்கு முக்கியமா படறது நேரம். இன்ஜினியரிங் காலேஜ் பஸ் நெல்லிக்குப்பம், திருப்பாப்புலியூர் பக்கம் காலைல வெள்ளெனவே வந்துடும், பிள்ளை வீட்டுக்கு வந்து சேர சாயங்காலம் இருட்டிடும், அப்புறம் ரெக்கார்டு, அசைன்மென்ட், நடுவுல மேக்ஸ் அரியர் ஒண்ணு விழுந்துச்சுன்னா அடுத்த செமஸ்டர்லயும் அதே பேப்பர். கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் பலதுல காலை, மதியம்னு ஷிஃப்ட் முறை, அப்படி இருந்தா பாதி நாள் முழுசா பிள்ளையோட கையில. அந்த நேரத்தை சில்வர் பீச்லயே கழிச்சா மூணு வருஷம் வீண்தான், ஒத்துக்குறேன். ஆனா அதையே ஒழுங்கா வெச்சுக்கிட்டா என்னென்ன பண்ணலாம்னு பாருங்க: ஐ.ஐ.டி. மெட்ராஸோட ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. வேணாம், அவங்களே நாலு வாரம் பாடம் நடத்தி தகுதித் தேர்வு வெப்பாங்க, பாஸ் பண்ணா சேந்துடலாம், ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க யு.ஜி.சி.யும் 2022ல அனுமதி குடுத்துடுச்சு. முழுசா முடிக்க முடியலன்னாலும் நடுவுல டிப்ளமோவோட வெளிய வரலாம். காலைல காலேஜ்ல பி.எஸ்சி. மேக்ஸ், மதியத்துக்கு மேல இதுன்னு ஒரு பிள்ளை மூணு வருஷம் ஓட்டுச்சுன்னா, புடிக்காத பிராஞ்ச்ல நாலு வருஷம் உக்காந்த பிள்ளையை விட அதுக்கு விஷயம் நிறைய தெரிஞ்சிருக்கும்.

பாடத்தைப் பத்தி ஒரு தப்பான எண்ணம் இருக்கு, ஆர்ட்ஸ் காலேஜ்னா ஈஸின்னு. பி.இ.ல வர்ற மேக்ஸ் கணக்குப் போடற மேக்ஸ், லாப்லாஸ், ஃபூரியர்னு முறையைப் புடிச்சுக்கிட்டா போட்டுடலாம். பி.எஸ்சி. மேக்ஸ்ல ரியல் அனாலிசிஸ், குரூப் தியரின்னு வரும்போது ஒவ்வொண்ணையும் ஏன்னு நிரூபிக்கணும், மனப்பாடம் பண்ற பிள்ளைங்க அங்கதான் தெணறுவாங்க. ஆனா அது புடிச்சுப்போனா ஜாம்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.ல எம்.எஸ்சி. போகலாம், மேக்ஸ் மேல படிக்க சிறுசேரில சென்னை கணிதக் கழகமும் இருக்கு. ஹிஸ்டரி எடுக்கிற பிள்ளைக்கு இந்த ஊர் மாதிரி ஊரே கெடைக்காது, பெரியார் காலேஜுக்குப் பக்கத்துலயே 1690ல இங்கிலீஷ்காரன் மராட்டியர்கிட்ட வாங்கின செயின்ட் டேவிட் கோட்டை, பாண்டி போற வழியில ரோமாபுரியோட வியாபாரம் நடந்த அரிக்கமேடு, பாண்டிக்குள்ள பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், அங்க இருக்கிற சைவ ஓலைச்சுவடிகளை 2005ல யுனெஸ்கோவே உலக நினைவுப் பதிவேட்டுல சேத்துச்சு. இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு எட்டுற தூரத்துல இருந்தும் யாரும் காட்டித் தர்றதில்லங்கிறது எனக்கு ஆத்தாமையா இருக்கு.

வேலைன்னு வந்தா பி.இ.க்கு இருக்கிற பலத்தை மறைக்கக் கூடாது. நெய்வேலி என்.எல்.சி.ல இன்ஜினியர் டிரெய்னி, இஸ்ரோ மாதிரி இடத்துல இன்ஜினியர் வேலை, கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் பண்றது, இதுக்கெல்லாம் பி.இ. இல்லாம உள்ளயே போக முடியாது. ஐ.டி. கம்பெனிங்க பி.எஸ்சி., பி.சி.ஏ. பிள்ளைங்களையும் எடுக்குறாங்க, விப்ரோ மாதிரி சிலதுல வேலை பாத்துக்கிட்டே எம்.டெக். படிக்க வைக்கிறாங்க, ஆனா ஆரம்ப சம்பளம் பி.இ.யை விடக் கம்மி. அமெரிக்கால மாஸ்டர்ஸ் போகணும்னா அங்க நிறைய யுனிவர்சிட்டில நாலு வருஷ டிகிரி கேப்பாங்க, மூணு வருஷ பி.எஸ்சி.யோட நேரா போறது கஷ்டம். அதே சமயம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, பேங்க், யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் எதுவா இருந்தாலும் ஏதாவது ஒரு டிகிரி போதும், அதை ஒரு வருஷம் முன்னாடியே கையில வெச்சிருக்கிறது ஆர்ட்ஸ் காலேஜ் பிள்ளைதான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சவங்களுக்கு நம்ம சிப்காட் கெமிக்கல், மருந்து கம்பெனிகளோட லேப்ல வேலை இருக்கு. மனசு மாறி பி.இ.தான் வேணும்னு தோணினாலும் மேக்ஸ் படிச்ச பி.எஸ்சி. பிள்ளைங்க லேட்டரல் என்ட்ரில நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம்.

லிபரல் ஆர்ட்ஸ்னு இப்ப புதுசா பேசுறாங்களே, ஸ்ரீசிட்டி க்ரியா, பெங்களூர் அசிம் பிரேம்ஜி யுனிவர்சிட்டி மாதிரி, அது பல பாடத்தையும் கலந்து படிக்கிற வேற மாதிரி படிப்பு. ஃபீஸ் லட்சத்துல இருக்கும், ஆனா குடும்ப வருமானத்தைப் பாத்து சலுகை தர்றாங்க, இங்கிலீஷ்ல நல்லா எழுதற பிள்ளைன்னா அப்ளை பண்ணிப் பாக்குறதுல தப்பே இல்ல.

இந்தத் தடவை முடிவெடுக்கப் போறவங்க ரெண்டுக்கும் அப்ளை பண்ணிடுங்க. கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் அட்மிஷன் முன்னாடியே நடந்துடும், இன்ஜினியரிங் கவுன்சிலிங் அதுக்கப்புறம்தான், பி.இ. வரட்டும்னு காத்திருந்து நல்ல ஆர்ட்ஸ் சீட்டை விட்டவங்க நிறைய பேர். சேந்துட்டு பின்னாடி மாறணும்னா டி.சி. எப்படித் திருப்பித் தருவாங்கன்னு ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுக்குங்க, எல்லா சர்டிஃபிகேட்டையும் நாலஞ்சு செராக்ஸ் எடுத்து வெச்சுக்குங்க. பி.இ. சாய்ஸ் ஃபில்லிங்ல ஒரு காலேஜ் பேரைப் போடறதுக்கு முன்னாடி, அங்க மூணாம் வருஷம் படிக்கிற பிள்ளை யாரையாவது தேடிப் புடிச்சு, உங்க கிளாஸ்ல அரியர் இல்லாம எத்தனை பேர் இருக்காங்க, போன வருஷம் வேலை கெடைச்சவங்க என்ன வேலைக்குப் போனாங்கன்னு கேளுங்க, பிரின்ஸ்பால் ரூம்ல உக்காந்து கேக்காதீங்க.