மூன்று உருண்டையும் என் கால்குலேட்டரும்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். மற்றதெல்லாம் மறந்துபோச்சு; அப்பாவின் இருமல் மட்டும்தான் காதில் நிற்கிறது.

மாடிப்படியில் வழுக்கி, விலாப் பக்கம் படி விளிம்பில் இடிக்க விழுந்தார். வயது 71. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். சீட்டு, பில், லேப் என்று கேஷுவாலிட்டியில் ஓடும் ஓட்டம் உங்களுக்குத் தெரியாததா? அது அப்படியேதான் இருக்கிறது. ட்யூட்டி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ரெண்டு எலும்புல கீறல். வலி மாத்திரை தர்றேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வெளிநாட்டில் எமர்ஜென்சியில் நர்ஸ். விலா முறிவு பலதும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்று சிடி ஸ்கேன் எடுக்க வைத்தேன். நான்கு எலும்பு.

நான் வேலை பார்க்கும் இடத்தில், இப்படி நெஞ்சில் அடிபட்டவருக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. வேல்ஸ் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டது, ஸ்டம்பிள் ஸ்கோர் என்போம். ஒவ்வொரு பத்து வயதுக்கும் 1, முறிந்த விலா ஒவ்வொன்றுக்கும் 3, ரத்தம் உறையாத மாத்திரைக்கு 4, நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு 5, ஆக்சிஜன் அளவு குறையக் குறைய 2, 2 ஆக. அப்பாவுக்கு ஆக்சிஜன் 93. வார்டு வாசலில் நின்று கூட்டினேன்: 25. ஐசியு பற்றி யோசிக்கச் சொல்வது 26 முதல். ஒரு புள்ளியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்!

அப்போது வந்தார் அந்த வார்டு சிஸ்டர். மானிட்டரைப் பார்க்கவே இல்லை. "ஐயா, ஒரு தடவை நல்லா இருமுங்க." அப்பா தொண்டையைச் செருமினார். "இது இருமலா?" என்றார் சிஸ்டர். அப்புறம் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். ஒன்பதில் நின்றுவிட்டது. மூன்று உருண்டைக் கருவி வந்தது; மூச்சை உள்ளே இழுத்து உருண்டைகளை மேலே ஏற்றும் மூச்சுப் பயிற்சிக் கருவி. அப்பா விசில் மாதிரி ஊதினார். "ஊதாதீங்க, உறிஞ்சுங்க." ஒரு உருண்டை அரைகுறையாக எழுந்தது. பிளாஸ்டிக்கின் மேலேயே பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார்.

நெஞ்சில் அடிபட்ட வயதானவர்களுக்கு முதல் நாள் ஏமாற்றும். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார்கள், சளி வெளியே வராது, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் நிமோனியா பிடிக்கும். எனக்கும் இது தெரியும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆக்சிஜன் எண்ணை.

இரண்டாம் நாள் ராத்திரி அந்த எண் அசையவில்லை. ஆனால் உருண்டை பேனாக் கோட்டைத் தொடவில்லை. சிஸ்டர் உடனே டாக்டரை எழுப்பினார். விலா நரம்புகள் மரத்துப்போக ஊசி போட்டு, அப்பாவை ஐசியுவுக்கு மாற்றினார்கள். மூச்சுக்கு டியூப் போடத் தேவைப்படவில்லை. நான்காம் நாள் வார்டுக்குத் திரும்பினார். நான் வேலை பார்க்கும் இடமாக இருந்தால் படிவத்தை நிரப்பிவிட்டு அடுத்த நோயாளியிடம் போயிருப்பேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த உருண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்று பக்கத்துக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நேற்று போனில் அப்பா முதலில் சொன்னது: "ரெண்டாவது உருண்டை மேல வரைக்கும் ஏறுதுடா."