ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா: ஓட்டப் பழக எது?

மவுண்டன் பைக் வாங்கப் போகிறேன் என்று யாராவது வாய் திறந்தால் போதும், உடனே ஒரு அறிவுரை வந்து விழும்: "முதலில் ஹார்ட்டெயில் வாங்கு. அதில் பழகினால்தான் ஓட்ட வரும்." நானும் பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வகையையும் மாற்றி மாற்றி ஓட்டிய பிறகு, இதில் பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது.

ஹார்ட்டெயிலில் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) மட்டும் அமுங்கும், பின்பக்கம் விறைப்பான சட்டம். ஃபுல் சஸ்பென்ஷனில் பின் சக்கரமும் பிவட்டுகளில், அதாவது சட்டத்தில் இருக்கும் மூட்டுகளில், அசைந்து ஒரு ஷாக்கை (அதிர்வு தாங்கியை) அழுத்தும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் ஓட்டுபவரின் உடம்பு செய்ய வேண்டிய வேலையே இதனால் மாறிவிடுகிறது.

இந்த விளையாட்டு பிறந்தபோது சஸ்பென்ஷன் என்ற பேச்சே இல்லை. 1976-ல் கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் வைத்த பழைய கனமான சைக்கிள்களில் மண்பாதை இறக்கத்தில் போட்டி போட்டார்கள். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் அந்தப் பிரேக் இருக்கும் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து காலியாகிவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அந்தப் போட்டிக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்ததே அதனால்தான். ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் சஸ்பென்ஷன் ஃபோர்க்கான ஆர்எஸ்-1 வந்தது 1989-ல். ஆக, வெறும் சட்டத்தில் ஓட்ட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வி, எதில் சீக்கிரம் பழக முடியும் என்பது.

ஹார்ட்டெயில் எதைச் சொல்லித் தருகிறது

தப்பான லைனில், அதாவது பாதையில் தப்பான தடத்தில், போனால் அடுத்த நொடியே குதிகாலில் உறைக்கும். கல்லுக்கு இடதுபக்கம் போயிருக்கலாமே என்று மூளை யோசிப்பதற்கு முன்பே முழங்கால் மடியக் கற்றுக்கொள்ளும். பாதையைக் கண்ணால் முன்கூட்டியே படிக்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. மேட்டில் உடம்பை லேசாக்கி, பள்ளத்தில் அழுத்தி, பெடல் மிதிக்காமலே வேகம் எடுக்கும் 'பம்ப்' வித்தையும் இதில் சுலபமாகப் பிடிபடும். கொடுத்த அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஃபுல் சஸ்பென்ஷனில் அதில் ஒரு பங்கை ஷாக் விழுங்கிவிடும். சைக்கிளோடு துள்ளி எழும் 'பன்னி ஹாப்' பழகவும் விறைப்பான பின்பக்கமே வசதி.

சரி, மறுபக்கம். கரடுமுரடான இறக்கத்தில் அரைமணி நேரம் ஓட்டினால் தொடை செத்துவிடும். அப்புறம் என்ன நடக்கும்? தானாகவே இடுப்பு பின்னால் போகும், கை நீண்டு விறைக்கும், முன் சக்கரத்தில் எடை இருக்காது, திருப்பத்தில் அது வழுக்கும். அந்த நிலையில் ஓட்டும் ஒவ்வொரு இறக்கமும் தப்பையே பழக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது நடந்தது. திருப்பங்களில் பின்னால் சாய்ந்து உட்காரும் பழக்கம் ஹார்ட்டெயிலில்தான் ஒட்டிக்கொண்டது, அதை உதற ரொம்ப நாள் பிடித்தது. ஃபுல் சஸ்பென்ஷனில் அதே இறக்கத்தைக் களைப்பில்லாமல் இரண்டு மடங்கு தடவை ஓட்டலாம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பதால் இது சின்ன விஷயமில்லை.

யாரும் அதிகம் பேசாத ஒன்று: ஃபோர்க் அமுங்கும்போது

ஃபோர்க்கின் சாய்வை ஹெட் ஆங்கிள் என்பார்கள். ஏற்றம், இறக்கம் இரண்டுக்குமான டிரெயில் வகை சைக்கிள்களில் இப்போது பெரும்பாலும் 64 முதல் 66 டிகிரி. எண் குறையக் குறைய முன் சக்கரம் தள்ளி நிற்கும், செங்குத்தான இறக்கத்தில் தைரியம் வரும். ஆனால் கடையில் பார்க்கும் இந்த எண், சைக்கிள் அசையாமல் நிற்கும்போது அளந்தது.

ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும் தாழ்கிறது. ஃபோர்க் 20 மி.மீ. அமுங்கினால் ஹெட் ஆங்கிள் சுமார் 1 டிகிரி நிமிரும். இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்து 80 மி.மீ. அமுங்கியது என்றால், 65 டிகிரி சைக்கிள் 69 ஆகிவிட்டது. மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது பதற்றமான சைக்கிளாக மாறுகிறது. ஃபுல் சஸ்பென்ஷனில் பாதையின் அடி இரண்டு பக்கமும் விழுவதால் முன்னும் பின்னும் சேர்ந்து தாழும், சாய்வு அவ்வளவாக மாறாது.

இதனால்தான் ஹார்ட்டெயிலில் 160 மி.மீ. வரை அமுங்கும் ஃபோர்க் மாட்டுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. 120 முதல் 140 மி.மீ. போதும். ஏறி உட்கார்ந்ததுமே அமுங்கும் அளவை, அதாவது 'சேக்'கை, முழு அசைவில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் முன்பக்கம் தொபுக்கென்று இறங்காது. ஃபுல் சஸ்பென்ஷனில் பின் ஷாக்குக்கு 25 முதல் 30 சதவீதம். ஒரு ஷாக் பம்ப்பும் அளவுகோலும் இருந்தால் பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் சைக்கிள் சரியில்லை என்று குறைப்படுபவர்கள் ஏராளம்.

பிரேக்கும் ஏற்றமும்

கற்கள் நிறைந்த இறக்கத்தில் ஹார்ட்டெயிலின் பின் சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்கும். காற்றில் இருக்கும் சக்கரத்தில் எவ்வளவு பிரேக் பிடித்தாலும் பிரயோஜனமில்லை. எனவே சமமான இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே வேகத்தைக் குறைத்துவிட்டு, கல் வரும்போது விட்டுவிட வேண்டும். இது நல்ல பழக்கம். ஃபுல் சஸ்பென்ஷனில் சக்கரம் தரையோடு ஒட்டியிருப்பதால் எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். அதனாலேயே பலர் இறக்கம் முழுக்கப் பிரேக்கை இழுத்துக்கொண்டே வருகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பழைய அறிவுரைக்கு என் முழு ஓட்டு.

ஏற்றத்தில் ஹார்ட்டெயில் ஜெயிக்கும் என்பது வழவழப்பான பாதையில் மட்டும் உண்மை. எடை குறைவு, மிதிக்கும்போது ஊசலாட்டம் இல்லை. வேர்களும் படிகளும் வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். ஃபுல் சஸ்பென்ஷனில் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம், பின் டயர் பிடிமானத்தை விடாது.

பணம் எங்கே போகிறது

ஒரே விலைக்கு இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஃபுல் சஸ்பென்ஷனில் பிவட், பேரிங், ஷாக் என்று பணம் சட்டத்திலேயே கரைந்திருக்கும். அதை ஈடுகட்ட பிரேக், டயர், ஃபோர்க் எல்லாம் ஒரு படி கீழே. அதிலும் ரொம்ப மலிவான ஃபுல் சஸ்பென்ஷன்களில் வெறும் ஸ்பிரிங் மட்டும் இருக்கும், அதன் துள்ளலை அடக்கும் டாம்பர் இருக்காது. குதிரைபோல எகிறும். அதை வாங்குவதைவிடச் சும்மா இருக்கலாம்.

அதே பணத்தில் ஹார்ட்டெயிலில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் நல்ல டியூப்லெஸ் டயரும் டிராப்பர் போஸ்ட்டும் கிடைத்துவிடும். பொத்தானைத் தட்டினால் சீட் தாழும் அந்த டிராப்பர்தான், என் கணக்கில், பின் ஷாக்கைவிட முக்கியம். சீட் இடுப்புக்குக் கீழே குறுக்கே நின்றால் எந்தப் பயிற்சியும் நடக்காது.

பராமரிப்புச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதிக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ராக்‌ஷாக்ஸ் சர்வீஸ் சொல்கிறது. அது இரண்டு வகைக்கும் பொது. ஷாக்கும் பிவட் பேரிங்குகளும் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மட்டும் வரும் கூடுதல் தலைவலி. சேற்றில் ஓட்டுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

சக்கர அளவைப் பற்றி நீளமாகச் சண்டை போடுவார்கள். 29 அங்குலம் மேடுபள்ளத்தில் சுலபமாக உருளும், 27.5 சட்டென்று திரும்பும். குட்டையானவர்களுக்குச் செங்குத்து இறக்கத்தில் பின் டயர் உட்காரும் இடத்தில் உரசாமல் இருக்க 27.5 உதவும். அவ்வளவுதான்.

யாருக்கு எது

முதல் சைக்கிள், கையிருப்பு குறைவு, பாதை பெரும்பாலும் மண் என்றால் ஹார்ட்டெயில். கூடவே ஃப்ளாட் பெடல். ஷூவைப் பூட்டும் பெடலில் காலை மேலே இழுத்தே சைக்கிளைத் தூக்கிவிடலாம் என்பதால் பன்னி ஹாப் வந்துவிட்டதாக ஒரு பொய் நம்பிக்கை வரும்.

பாறை நிறைந்த இறக்கங்களே உங்கள் பாதை, வாரம் முழுக்க ஓட்டப் போகிறீர்கள், அல்லது முதுகு ஏற்கெனவே முனகுகிறது என்றால் தயங்காமல் ஃபுல் சஸ்பென்ஷன். 120 முதல் 140 மி.மீ. அசைவு தாராளம். 170 மி.மீ. சைக்கிளில் சாதாரணப் பாதை தூக்கம் வரவழைக்கும். ஏற்கெனவே ஹார்ட்டெயில் வைத்திருப்பவர்கள் மாற்றுவதற்கு முன் டயர் அழுத்தத்தை மட்டும் இரண்டு பிஎஸ்ஐ குறைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். ரிம்மில் இடிக்காத வரை குறைக்கலாம்.

எதை எடுத்தாலும், வாங்குமுன் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சீட்டைக் கீழே இறக்கி, இரண்டு பெடலும் தரைக்கு இணையாக எழுந்து நின்று, முழங்கையை மடக்கி, தாடை ஹேண்டில்பாருக்கு மேலே வரும்படி குனியுங்கள். எடை முழுக்கப் பாதத்தில் இருக்க வேண்டும், கை லேசாக இருக்க வேண்டும். அந்த நிலையில் முழங்கை மடிய இடமில்லாமல் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் சட்டம் பெரியது. முழங்கால் ஹேண்டில்பாரில் முட்டினால் சிறியது. கடைக்காரர் சொல்லும் அளவு அட்டவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.