கண்டியில வாங்குன பழைய கிளெப் ஹியுமானிட்டீஸ் கைடு, தேறுமா?

அமெரிக்க காலேஜ் கிரெடிட்டுக்கு கிளெப் (CLEP) ஹியுமானிட்டீஸ், அதாவது இலக்கியமும் கலையும் சேந்த சோதனை, எழுதப் போறவங்க யாராச்சும் ஹட்டன், நுவரெலியா பக்கம் இருந்தா இது உங்களுக்குத்தான். கண்டியில பழைய புத்தகக் கடையில கெடச்ச கைடு, பேரு வேணாம். சோதனையில 90 நிமிஷத்துக்கு 140 கேள்வி, பாதி இலக்கியம் பாதி கலை, ஆனா புத்தகத்துல முக்கால்வாசி இலக்கியம்தான், கிரேக்க நாடகம் ஷேக்ஸ்பியரோட சொனெட்ங்கிற பதினாலு வரிக் கவிதை எல்லாம் அருமையா வெளக்கிட்டு கலைக்கு வந்தா ஏனோதானோன்னு முடிச்சிட்டாங்க. ஓவியர் மோனேவோட அல்லிக்குளப் படத்த கறுப்பு வெள்ளையில அச்சடிச்சிருக்காங்கப்பா, அத வச்சி வெளிச்சத்தையும் நெறத்தையும் புடிச்சி வரையிற இம்ப்ரெஷனிசத்த என்னத்தப் படிக்க! பழைய கிரேக்கக் கட்டடத் தூண் வகைகளோட படம் மட்டும் சூப்பர். டோரிக்னா தல மொட்ட, அயோனிக்னா ரெண்டு பக்கமும் சுருள், கொரிந்தியன்னா இல இலையா இருக்கும், ஒருக்கா பாத்தா மறக்காது. பாக், மொஸார்ட், ஷோப்பன்னு மேற்கத்திய இசை எல்லாம் வாசிச்சா ஏறாது, கேட்டாத்தான் வித்தியாசம் புரியும், மழ நாள்ல நம்ம பக்கம் சிக்னல் எப்பிடின்னு தெரியும்தானே, டவுனுக்குப் போறப்பவே டவுன்லோட் பண்ணி வச்சிருங்க. பிழையான விடைக்கு மார்க் கழிக்க மாட்டாங்க, அதனால ஒரு கேள்வியையும் வெறுமனே விடாதீங்க, இத கைடுல எங்கயுமே சொல்லல. பாதி வெலைக்குக் கெடச்சா வாங்கலாம், புதுசு வாங்கிறாதீங்க.