காவிப் பல்லுக்கு காம்போசிட்: ஆறு வருடம் கழித்து

பென்னாகரம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். மேல் முன்பற்கள் ஆறிலும் காபித்தூள் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை, நடுவில் சின்னச் சின்னக் குழி. வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்ததால் பள்ளி முடியும்வரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கோயம்புத்தூரில் முதல் இன்டர்வியூவில்தான் எதிரே இருந்தவர், "புகையிலை போடுவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

அதன் பிறகு உப்பு, கரித்தூள், சோடா மாவில் எலுமிச்சை பிழிந்து தேய்ப்பது என்று ஒன்றையும் விடவில்லை. எலுமிச்சையால் பல் கூச்சம் வந்ததுதான் மிச்சம். எங்கள் ஊர் போர் தண்ணீர் மாதிரி ஃபுளூரைடு அதிகமான தண்ணீர், ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலைக் கெடுத்துவிடுகிறது. எட்டு வயதுக்குள் நடந்து முடிந்த வேலை அது. மேலே தேய்த்து என்ன ஆகப்போகிறது?

2018-ல் தெரிந்தவர் சொன்ன சின்ன கிளினிக்குக்குப் போனேன். கிளீனிங் 700 ரூபாய். அதில் காரை போனது, காவி அப்படியே இருந்தது. அடுத்து வீட்டிலேயே ட்ரேயில் ஜெல் வைத்துக்கொண்டு தூங்கும் பிளீச்சிங், 4,500. இதைத்தான் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காவி கொஞ்சம் வெளுத்தது, ஆனால் பக்கத்திலிருந்த வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஐஸ் தண்ணீர் பட்டால் மண்டைவரை சுரீர் என்றது. சித்தி மகனுக்குக் கறை லேசு. ஆசிட் பேஸ்ட் வைத்து மேல்தோலை மட்டும் தேய்த்து எடுக்கும் மைக்ரோ அப்ரேஷன் இரண்டு தடவை செய்ததிலேயே அவனுக்குச் சரியாகிவிட்டது. எனக்குக் குழி ஆழம்.

செராமிக் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் பீங்கான் ஓடு என்றால் பல்லுக்குப் பத்தாயிரம், பல்லையும் சீவ வேண்டும் என்றார்கள். பல் நிறப் பிசினை முன்பக்கம் பூசி மூடும் காம்போசிட் வெனீர் பல்லுக்கு 2,500. ஆறு பல்லுக்குப் பதினைந்தாயிரம் என்று முடிவு செய்தேன். பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார் டாக்டர். உடனே செய்தால் ஒட்டு பிடிக்காதாம்.

அன்று உட்கார்ந்தது மூன்றரை மணி நேரம். முதல் வேலையாக, பல் காய்வதற்கு முன்பே, ஜன்னல் வெளிச்சத்தில் ஷேடு கார்டை வைத்துப் பார்த்தார். நான் வெள்ளை வெளேரென்று ஒன்றைக் காட்டினேன். "வேணாம் தம்பி, கீழ்ப்பல்லோட ஒட்டாது" என்று சாதாரணப் பல் நிறத்தில் இருக்கும் ஏ2 ஷேடை எடுத்தார். நீல நிற ஆசிட் ஜெல்லைத் தடவி வழக்கத்தைவிட அதிக நேரம் விட்டார். இந்த மாதிரி எனாமலில் ஆசிட் லேசில் ஏறாது என்றார். பிறகு மாவு மாதிரியான காம்போசிட்டை ஒவ்வொரு படலமாக வைத்து நீல விளக்கு காட்டிக் கெட்டியாக்கினார். ஊசி இல்லை, வலி இல்லை. வாய் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் கடுத்தது.

இனி செலவுக் கணக்கு. எட்டாவது மாதம் முறுக்கு கடித்து ஒரு ஓரம் தெறித்தது, 1,000. ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பவன் என்பதால் பல்லுக்கும் காம்போசிட்டுக்கும் நடுவில் ஒரு பழுப்புக் கோடு விழும். நாலு தடவை பாலிஷ் போட்டேன், நாலாயிரம். 2023-ல் இரண்டு பல்லை முழுசாக மாற்றியது 6,000. முதல் பதினைந்தாயிரத்தோடு சேர்த்தால் காம்போசிட்டுக்கு மட்டும் மொத்தம் 26,000. செராமிக்குக்குச் சொன்ன அறுபதில் பாதிகூட ஆகவில்லை. ஆனால் "ஒரு தடவை செலவு" என்று நினைத்துப் போகாதீர்கள். சென்னையில் இருப்பவர்கள் தனியார் கிளினிக்குக்கு முன் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டிவிடலாம். சந்தையில் ஆசிட் தடவி வெள்ளையாக்குகிறேன் என்பவனிடம் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

கொய்யாவை இப்போதும் கத்தியால் நறுக்கித்தான் சாப்பிடுகிறேன். கீழ்ப்பற்களைத் தொடவே இல்லை. வாய்விட்டுச் சிரித்தால் பழைய காவி எட்டிப் பார்க்கும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி, போர் தண்ணீருக்குப் பதில் காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, கீழ பெயிண்ட் அடிக்க மறந்துட்டாங்களா?" என்கிறாள்.