கோப்ரோ ஹீரோ 9 பிளாக்: சின்ன கான்ட்ராக்டருக்கு ஆகுமா?

கட்டட வேலையைப் படம் பிடிப்பது இரண்டு காரியத்துக்கு. ஒன்று, முடித்த வேலையைக் காட்டி அடுத்த வேலை பிடிக்க. இன்னொன்று, மூடிப்போகிற வேலைக்குச் சாட்சி வைக்க. கான்கிரீட்டுக்குள் போகும் கம்பி, பூச்சுக்குள் போகும் பைப்பு, டைல்ஸுக்கு அடியில் போகும் வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் இதில் வரும். 2020-ல் வந்த இந்தக் கேமரா முதல் காரியத்துக்கு அருமை. இரண்டாவதுக்கு அவ்வளவாக ஆகாது. செகண்ட்ஸில் வாங்கப் பார்க்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு காசு போட வேண்டும்.

வாங்கியதும் லென்ஸ் செட்டிங்கை ‘வைடு’ என்பதிலிருந்து ‘லீனியர்’ என்பதற்கு மாற்றுங்கள். வைடில் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் பில்லர் வில்லாக வளைந்து தெரியும். தூக்குக்குண்டு பிடித்து நேராகக் கட்டிய சுவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், “ஏனுங்க மேஸ்திரி, சுவரு சாஞ்சாப்ல இருக்குதுங்களே” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அடுத்தது, ஆன்டி-பிளிக்கரை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். நம்மூர் கரண்டில் எரியும் லைட்டுக்கு அதுதான் பொருந்தும். இல்லாவிட்டால் ராத்திரி வேலைப் படத்தில் வெளிச்சம் துடிக்கும்.

தளம் போடும் நாளில்தான் இது காசுக்கு உழைக்கும். 8 மணி நேர கான்கிரீட்டுக்கு டைம்லேப்ஸ் (இடைவெளி விட்டு விட்டுப் படம் எடுத்து வேகமாக ஓட்டிக் காட்டும் முறை) இடைவெளியை 30 விநாடி வைத்தால் 960 பிரேம் கிடைக்கும். விநாடிக்கு 30 பிரேம் ஓடினால் 32 விநாடிப் படம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் சரியான அளவு. 10 விநாடி வைத்தால் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டும். அவ்வளவு நேரம் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் 1720 எம்ஏஎச் பேட்டரி சாயங்காலம் வரை தாங்காது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல பவர் பேங்கிலிருந்து யூஎஸ்பி-சி கேபிள் கொடுத்து ஓட்டுங்கள். சூடும் குறையும். சித்திரை வெயிலில் சூடேறி நின்றுபோவது இந்த வகைக் கேமராக்களுக்கே உள்ள கோளாறு, மேலே நிழலுக்கு ஒரு அட்டையாவது வேண்டும். கேபிள் சொருகப் பக்கக் கதவைத் திறந்துவிட்டால் 10 மீட்டர் ஆழம்வரை தண்ணீர் புகாது என்ற பேச்சுக்கு இடமில்லை. கேபிள் நுழையும் ஓட்டையுள்ள கதவு தனியாகக் கிடைக்கிறது. அது தூசியைத் தடுக்கும், மழையை நம்பி விடக்கூடாது.

கேமராவைத் தளத்துப் பலகையைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டிலோ சாரத்திலோ மாட்டவே மாட்டாதீர்கள். கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும்போதெல்லாம் படம் நடுங்கும். வீடியோவில் நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி டைம்லேப்ஸில் கைகொடுக்காது. பக்கத்துக் கட்டடத்துக் கைப்பிடிச் சுவர்தான் நல்ல இடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற காற்றுக்குப் பல்லடம், உடுமலை பக்கம் வெறும் ட்ரைபாட் நிற்காது. சிமெண்ட் பையில் அரைவாசி எம்-சாண்ட் கட்டி நடுக்கம்பியில் தொங்கவிடுங்கள், தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். முழுக்க அந்தரத்தில் விட்டால் பையே ஊசலாடி ஆட்டிவிடும்.

இனி சாட்சிப் படம். இந்தக் கேமராவின் ஃபோக்கஸ் நிலையானது. சுமார் ஒரு அடிக்கும் கிட்டே போனால் அளக்கும் டேப்பில் உள்ள எண் மங்கிவிடும், சாட்சிக்கு வேண்டியதோ அந்த எண்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி சாதாரணச் சூழலில் தளத்துக்குக் கவர் (கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் கனம்) 20 மி.மீ., பில்லருக்கு 40 மி.மீ. இந்த அளவைத் தெளிவாகக் காட்டப் பையில் இருக்கும் போனே மேல். முதலில் சைட், மாடி, தேதி எழுதிய சிலேட்டு. பிறகு அறை முழுக்க ஒரு படம். பிறகு அந்தக் கனத்துக்காகக் கம்பியோடு வைக்கும் கவர் பிளாக், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளி, கம்பி ஜாயிண்ட் ஒவ்வொன்றும் டேப்போடு. டேப்புக்கு நேர் எதிரே போனைப் பிடிக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் அளவு தப்பாகப் படிக்கும்.

பாத்ரூம் பைப்புக்கு அறை மூலையிலிருந்து ஒரு டேப், தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவல் வைத்துப் போட்ட மட்டக்கோட்டிலிருந்து ஒரு டேப். தரையிலிருந்து அளக்கக் கூடாது. கலவையும் டைல்ஸும் ஏறியதும் அந்த அளவு பொய்யாகிவிடும். பின்னால் கீசர் மாட்ட வருகிறவர் ட்ரில்லை எங்கே வைப்பது என்பது இந்தப் படத்தில்தான் இருக்கிறது. பைப்பில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்டில், அழுத்தம் காட்டும் கேஜையும் கடிகாரத்தையும் ஒரே படத்தில், தொடங்கும்போதும் முடியும்போதும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பி, அசலைத் தனி ஹார்ட் டிஸ்கில் வீட்டு வாரியாகப் போட்டு வையுங்கள். ஆட்கள் முகம் விளம்பரப் படத்தில் வருவதானால் அவர்களிடம் கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

முந்தைய மாடலான ஹீரோ 8-ஐ விட்டு இதை வாங்க ஒரு நல்ல காரணம், லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மூடியைக் கழற்றி மாற்றலாம். சைட்டில் அது கட்டாயம் கீறும். சிமெண்ட் தூசியைத் துணியால் தேய்க்காதீர்கள். ஊதித் தள்ளிவிட்டு ஈரத்துணியால் ஒற்றுங்கள். செகண்ட்ஸில் பார்க்கும்போது பேட்டரி உப்பலில்லாமல் தானாக வழுக்கி வெளியே வருகிறதா, கதவு ரப்பர் கிழியாமல் இருக்கிறதா, லென்ஸ் மூடி திருகினால் கழல்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பவர் பேங்கில் அரை மணி நேரம் ஓடவிட்டு, தேதியும் மணியும் சரியாகப் பதிகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.